ரெண்டுக்கு ஒண்ணு

ஜோகுபாளையம், பெங்களூரு
24 ஜனவரி 2025

உஷா அக்காவுக்கு,

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். போன் போட்டால் எடுப்பதில்லை. மெயில் அனுப்பினேன், அதற்கும் பதில் இல்லை. நீ பிளாக் செய்ய மறந்தது தபால்காரரை மட்டும்தான். அதனால் இந்த ஸ்பீடு போஸ்ட். என் கையெழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கஷ்டப்பட்டுப் படி.

நேராகக் கேட்கிறேன். நான் என்ன தப்பு செய்தேன்?

பொங்கல் முடிந்த ஞாயிறு, கிரவுண்டில் பழைய ஆட்டக்காரர்கள் வருஷா வருஷம் கூடுகிற நாள். நீயும் லீவுக்கு வந்திருந்தாய், பக்கத்தில்தான் நின்றாய். ஆட்டம் முடிந்து டீ வந்தது. அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். "என் பசங்களுக்கு மொதல் மொதல்ல லீக் ஹாக்கி காட்டினதே நான்தான். காசு வாங்கிட்டு ஆடுறவங்க, சும்மா இல்ல. ரெண்டுக்கு ஒண்ணு! நம்ம ஊர் டீம் ஜெயிச்சுது!"

பதிமூன்று வருஷமாக இதே கதை. முதல் கோலை ஸ்பூன், டம்ளர், பிஸ்கட் எல்லாம் வைத்து ஆடிக் காட்டுவார். ரெண்டாவது கோல் வந்தால் "அப்புறம் இன்னொண்ணு போட்டானுங்க" என்று தாண்டிவிடுவார். எனக்கு மனப்பாடம்.

நான் சொன்னது இதுதான்: "அப்பா, அது பாதி ஆட்டத்து ஸ்கோர். கடைசியில நாலுக்கு ரெண்டுன்னு தோத்துட்டோம். லீக்ல நாலு குவார்ட்டர். நீங்க ரெண்டு முடிஞ்சதுமே ஆட்டம் முடிஞ்சிடுச்சுன்னு எழுந்து வந்துட்டீங்க." சொல்லிவிட்டு மொபைலில் வீடியோவைக் காட்டினேன். பழைய மேட்ச் டேப்களை டிஜிட்டலாக மாற்றி, பந்து எங்கே போகிறது என்று கணக்கிடும் சாஃப்ட்வேர் எழுதுவதுதான் என் வேலை. அந்தக் குவியலில் நம் மேட்ச்சே கிடைத்தது. கிடைத்ததை மறைக்கச் சொல்கிறாயா?

எனக்கும் அந்த நாள் முக்கியம்தான் அக்கா. எனக்கு ஒன்பது வயது. ஆட்டத்துக்கு முன்னால் குழாய்கள் சுற்றிச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சின. கிரவுண்டில் மட்டும் ஏன் மழை பெய்கிறது என்று கேட்டேன். "இது பிளாஸ்டிக் புல்லு, தண்ணி இல்லாட்டி பந்து ஓடாதுடா. விழுந்தா முட்டித் தோலு அங்கேயே தங்கிடும்" என்றார் அப்பா. வெல்டிங் பட்டறையில் பொறி விழுந்து ஓட்டையாகாத ஒரே சட்டையை அன்று போட்டிருந்தார். பந்து கோல் பலகையில் மோதுகிற 'டொக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. திரும்பும்போது பஸ் இல்லை, ஆட்டோ! "ஜெயிச்ச நாளாச்சே, பஸ்லயா போறது?" என்றார். அதற்கு முன் அப்பாவோடு நான் ஆட்டோவில் போனதே இல்லை.

அந்த ஆட்டோ, தோற்ற மேட்ச்சுக்கு என்று இப்போது தெரிகிறது. ஏமாந்தது நானும்தான். என் மேல் எதற்குக் கோபம்?

நாகேஷ்

•

மைசூரு
30 ஜனவரி 2025

டேய் நாகேஷ்,

பிளாக்கை எடுக்கமாட்டேன். நீ கடிதம் எழுதினால் நானும் எழுதுவேன், அவ்வளவுதான்.

என்ன தப்பு என்று கேட்கிறாய். நீ சொன்ன ஸ்கோர் சரி. அதைச் சொன்ன இடம்?

முப்பத்தைந்து வருஷமாக அந்தக் கிரவுண்டில் அப்பாவுக்கு ஒரு பெயர் உண்டு. லெஃப்ட் ஹாஃப் உத்தமன். அவரைத் தாண்டி அந்தப் பக்கம் பந்து போகாது என்பார்கள். பட்டறையில் அவர் யாரோ ஒரு வெல்டர். அந்தக் கிரவுண்டில்தான் அவர் உத்தமன். அங்கே, அத்தனை பேர் நடுவில், ஆட்டம் எப்போது முடியும் என்றுகூடத் தெரியாதவர் என்று நீ நிரூபித்தாய். வீடியோவோடு.

நீ மொபைலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாய், அதனால் பார்த்திருக்கமாட்டாய். அப்பா டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்குத் தலை குனிந்துவிட்டது.

அப்புறம் தியோடர் அங்கிள் ஆரம்பித்தார். முப்பத்தைந்து வருஷம் அப்பாவுக்குப் பின்னால் கோல் காத்த மனுஷன், அவருக்குக் கிண்டல் பண்ண உரிமை உண்டு. "என்னா உத்தமா! பாதி மேட்ச் பார்த்துட்டு பதிமூணு வருஷமா எங்க காதுல பூ சுத்திருக்கியே! இனிமே உன் பேரு ஹாஃப்-டைம் உத்தமன்யா!" எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "ஆமாம்பா, ஏமாந்துட்டேன்" என்றார். ஞாபகம் இருக்கிறதா? அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்லை.

நேற்று தியோடர் அங்கிள் எனக்குப் போன் செய்தார். போன ஞாயிறு அப்பா ஆட வரவில்லையாம். "வெளையாட்டுக்குச் சொன்னேம்மா, இப்பிடி எடுத்துக்குவான்னு தெரியாது" என்றார். அம்மா இறந்த வாரம்கூட அப்பா ஞாயிற்றுக்கிழமை ஸ்டிக்கோடு போனவர். நினைத்துப் பார்.

உஷா

•

ஜோகுபாளையம்
6 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

இந்த ஞாயிறும் போகவில்லை. காலையில் இருந்து வீட்டு கேட்டின் தாழ்ப்பாளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டிக்கைப் பரண் மேல் போட்டுவிட்டார்.

பெயர் தெருவுக்குள் வந்துவிட்டது. மளிகைக் கடை கோமளம் அக்கா, "என்ன ஹாஃப்-டைம் அண்ணா, அரை லிட்டர் பால் போதுமா?" என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே ஒரு லிட்டர் வாங்கி வந்தார். எங்களுக்கு அரை லிட்டரே அதிகம். மீதியைப் பூனை குடித்தது.

சரி, ஒத்துக்கொள்கிறேன். தனியாகச் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை மன்னிப்புக் கேட்கவும் போனேன். "விடுடா, நீ சொன்னது உண்மைதானே?" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, மனதில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அப்போது நீ பள்ளி டீமில் ஆடிக்கொண்டிருந்தாய். பதினைந்து வயது. மேட்ச்சுக்குப் போகும்போது பஸ்ஸில் மேட்ச் டிக்கெட்டின் பின்பக்கத்தை நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். "நாலு குவார்ட்டர்டா. ஒவ்வொண்ணும் பதினேழரை நிமிஷம்." அரை நிமிஷத்தை எப்படி விளையாடுவார்கள் என்று நான் கேட்டேன், நீ தலையில் குட்டினாய். அதனால்தான் மறக்கவில்லை.

ஆக, உனக்குத் தெரியும். ரெண்டாவது குவார்ட்டர் முடிந்து அப்பா எழுந்தபோது நீ ஏன் வாயைத் திறக்கவில்லை? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதிமூன்று வருஷக் கதையே கிடையாது, நான் திருத்தவும் வேண்டியிருந்திருக்காது. தப்பில் பாதி உன்னுடையது. உட்கார்ந்த இடத்திலிருந்து என்னை மட்டும் திட்டாதே.

இன்னொன்று. அப்பா ஸ்டேடியம் வாசலில் வாங்கிக்கொடுத்த ஆரஞ்சுக் கொடி என்னுடையது. அதை நீ இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஆட்டோவில்கூட அவிழ்த்துத் தரவில்லை. அல்சூர் ஏரி வரும்வரை நான் அழுதேன். அதற்கும் பதில் சொல்.

நாகேஷ்

•

மைசூரு
13 பிப்ரவரி 2025

நாகேஷ்,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நீ சுற்றி வளைக்காமல் கேட்டாய், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அன்று சனிக்கிழமை. பள்ளியில் சனிக்கிழமை வெள்ளை யூனிஃபார்ம். பள்ளியிலிருந்து நேரே வந்து உங்களோடு பஸ் ஏறினேன். வெள்ளைப் பாவாடை. ரெண்டாவது குவார்ட்டரில் எனக்குத் தெரிந்துவிட்டது. தேதி இன்னும் ஒரு வாரம் இருந்தது, அதனால் கையில் எதுவும் இல்லை. பாவாடை வீணாகிவிட்டது.

நீ ஆண்பிள்ளை, உனக்கு இது எப்படிப் புரியும் என்று தெரியவில்லை. அந்த கேலரியில் ஆயிரம் ஆம்பிளைகள் இருந்தார்கள். பின் வரிசையில் என் பள்ளிப் பையன்களே ஆறு பேர். டாய்லெட் அந்தக் கோடியில். எழுந்தால் அத்தனை பேரையும் தாண்டிப் போகவேண்டும். அப்பாவிடம் சொல்லமுடியுமா? நம் வீட்டில் அந்த மாதிரிப் பேச்சே அப்பா காதில் விழக்கூடாது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கிரவுண்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கூட்டம் கத்தியது, அது மட்டும் தெரியும்.

ஹூட்டர் அடித்தது. அப்பா, "அவ்ளோதான்டா, முடிஞ்சுது! ஜெயிச்சாச்சு, வாங்க வாங்க" என்றார். "அப்பா, இன்னும் ரெண்டு இருக்கு" என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். என் நாற்காலி முதுகில் உன் கொடி கிடந்தது, யார் போட்டதோ. எடுத்துக் கட்டிக்கொண்டேன். நீ அழுதாய். அவிழ்த்துத் தர என்னால் முடியாதுடா. அதுதான் பதில்.

வெளியே போகும்போது அப்பா என் முதுகை ஒட்டியே வந்தார். "முன்னாடி போங்கப்பா, ஏன் இடிச்சுக்கிட்டே வரீங்க?" என்று எரிந்து விழுந்தேன். பயம், பார்த்துவிடுவாரோ என்று. அப்புறம் ஆட்டோ வந்தது. கடவுள் என் பக்கம் என்று நினைத்தேன். வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

அன்றிலிருந்து அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். கவனித்திருக்கிறாயா? அவரை அத்தனை வருஷமும் தப்பான கதை சொல்லவிட்டவள் நான். நீ அவரை முட்டாள் ஆக்கியபோது அவர் என்னைப் பார்த்தார். 'உனக்குத் தெரிஞ்சும் சொல்லலையா?' என்று கேட்கிற மாதிரி இருந்தது. உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பிளாக் செய்யவில்லை. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இப்போது பிள்ளைகளுக்கு விளையாட்டு டீச்சராக இருக்கிறேன். மேட்ச்சுக்கு எங்கே கூட்டிப்போனாலும் என் பையில் ரெண்டு கறுப்பு டிராக் பேன்ட் இருக்கும். யாரும் கேட்க வேண்டியதில்லை, ஜிப்பைத் திறந்தே வைத்திருப்பேன்.

பதில் போடுவதானால் ஜோக் அடிக்காதே.

உஷா

•

ஜோகுபாளையம்
17 பிப்ரவரி 2025

அக்கா,

ஜோக் இல்லை.

உன் கடிதத்தை ஆபீஸ் போகும் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன்.

டிவியில் வந்தது ஒரு கேமராவின் படம்தான். மூலப் பதிவில் நாலு கேமரா இருக்கிறது. ஒன்று முழுக்கக் கூட்டத்தைப் பார்த்து வைத்தது. அதை நான் இதுவரை திறந்ததில்லை, அதில் பந்து இல்லை, எனக்குத் தேவைப்படவில்லை. இன்று திறந்தேன். கேட்டுக்குப் பக்கத்து கேலரி, ஐந்தாவது வரிசை. நாம் மூன்று பேரும் இருக்கிறோம். நீ ரெட்டைப் பின்னல். நான் பல் இல்லாமல்.

பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். போட்டிருக்கிற நேரம், ரெண்டாவது குவார்ட்டர் முடிய மிச்சம் இருந்தது.

ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி: நீ பாவாடையை இழுத்து விடுகிறாய். திரும்பிப் பின் வரிசையைப் பார்க்கிறாய்.

ஒரு நிமிஷம் இருபது: நம் டீமுக்குப் பெனால்டி கார்னர் கிடைக்கிறது. கூட்டம் எழுகிறது. அப்பா உன்னிடம் ஏதோ சொல்லச் சிரித்துக்கொண்டே திரும்புகிறார். சிரிப்பு நிற்கிறது. ஒரு விநாடிகூட இல்லை, உன் நாற்காலியைப் பார்த்துவிட்டு முகத்தைக் கிரவுண்டுப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

ஐம்பத்தைந்து விநாடி: என் கையிலிருந்த கொடியை வாங்குகிறார். குச்சியை உருவிக் கீழே போடுகிறார். துணியை உன் நாற்காலி முதுகில் போடுகிறார், உன்னைப் பார்க்காமலே. நான் வாயைத் திறந்து அழுகிறேன்.

நாற்பது விநாடி: அப்பா எழுந்துவிட்டார். கார்னர் அடிக்கிறார்கள். எல்லாத் தலையும் கோல் பக்கம். அப்பா ஒருத்தர் மட்டும் வெளியே போகும் கேட்டைப் பார்க்கிறார். பெனால்டி கார்னர் என்றால் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு டிவி முன்னால் வந்து நிற்கிற மனுஷன்.

அப்புறம் ஹூட்டர். வழியில் நான் முன்னால், நீ நடுவில், அப்பா உன் பின்னால். இடையில் ஒரு ஆள் நுழைய இடமில்லை. அந்தப் பையன்கள் ஆறு பேரும் அவருக்குப் பின்னால்.

இதுவரை பார்த்தது. இனி நான் நினைப்பது. பஸ்ஸில் டிக்கெட்டை நீ எனக்குப் படித்தபோது அப்பா நம் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். ஸ்கோர் போர்டு வீடு அளவு பெரியது, எத்தனையாவது குவார்ட்டர் என்று அதில் எரிந்துகொண்டிருந்தது.

அவருக்குத் தெரியும் அக்கா. ஆட்டம் பாதியில் இருக்கிறது என்று தெரிந்தே எழுந்தார். போன மாசம் கிரவுண்டில் எல்லார் முன்னாலும் "ஆமாம்பா, ஏமாந்துட்டேன்" என்று சொன்னதும் தெரிந்தேதான்.

ஆதாரம் இருக்கிறது என்று கத்தினேனே, அந்த ஆதாரத்தில் நாலில் ஒரு பங்கைத்தான் நான் பார்த்திருந்தேன்.

என்ன செய்யவேண்டும் என்று சொல். செய்கிறேன்.

நாகேஷ்

•

மைசூரு
20 பிப்ரவரி 2025

நாகேஷ்,

ஸ்டாஃப் ரூமில் படித்தேன். எழுந்து வெளியே போய் பிள்ளைகளோடு கிரவுண்டை மூன்று சுற்று ஓடினேன். வியர்வை என்று நினைத்துக்கொண்டார்கள்.

டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாரே, 'சொல்லலையா?' என்று கேட்கவில்லைடா. 'பயப்படாதே, சொல்லமாட்டேன்' என்று சொல்லியிருக்கிறார்.

அவரிடம் எதையும் கேட்காதே. கட்டிப்பிடிப்பது, அழுவது, ஒன்றும் வேண்டாம். பதிமூன்று வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் காப்பாற்றியதை நாம் பேசவைக்கக் கூடாது. ஆனால் அந்தப் பெயர் போகவேண்டும். உன்னால் வந்த பெயர், நீதான் எடுக்கவேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியாது. நீதானே இன்ஜினியர்.

இதோடு ஒரு பார்சல் வரும். உன் கொடி. எத்தனை தடவை துவைத்தும் ஓரத்தில் லேசாகக் கறை இருக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை. இப்போது வைத்துக்கொள்.

உஷா

•

ஜோகுபாளையம்
24 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

கொடி சனிக்கிழமை வந்தது. என் சட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். சின்னது. அப்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

நேற்று ஞாயிறு. காலையில் பரணில் ஏறி ஸ்டிக்கை எடுத்தேன். "கிரவுண்டுல ஒரு ஆள் குறையுது, வாங்க" என்றேன். "முட்டி வலிக்குது" என்றார். "அப்ப உட்கார்ந்து பாருங்க" என்று ஸ்கூட்டரைக் கிளப்பி வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தேன். கோமளம் அக்கா கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்தச் சத்தம் பொறுக்காமல்தான் ஏறினார்.

தியோடர் அங்கிள் எங்களைப் பார்த்ததும் சந்தோஷத்தில் வாய் தவறி, "வாய்யா ஹாஃப்-டைம்!" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று. எல்லாரும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"அங்கிள், ஒரு கரெக்ஷன். நான் அன்னிக்குக் காட்டினது வேற மேட்ச். ஃபைல்ல தேதி மாறிப்போயிருந்துச்சு, நான் சரியா பார்க்கல. நாங்க போன மேட்ச் ரெண்டுக்கு ஒண்ணு, ஜெயிச்சோம். கடைசி வரைக்கும் இருந்து பார்த்துட்டுத்தான் வந்தோம். தப்பு என்னோடது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. தெரிந்தே தப்பான ஸ்கோரைச் சொன்னது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"இதுக்காடா உன்னை ஏசி ரூம்ல உட்கார வெச்சு சம்பளம் குடுக்கிறாங்க?" என்றார் தியோடர் அங்கிள். "பெத்த அப்பனை ஒரு மாசம் வீட்ல உட்கார வெச்சிட்டியேடா ராங்-ஃபைல்!" அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. இடைவேளைக்குள் தண்ணீர் பாட்டில் கேட்டவர்கள்கூட "ஏ ராங்-ஃபைல், இங்க தள்ளு" என்றுதான் கேட்டார்கள். இனி அந்தக் கிரவுண்டில் எனக்கு அதுதான் பெயர். இருக்கட்டும்.

அப்பா குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்த பிறகும் வெகுநேரம் கட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. முட்டி வலி என்றவர் முழு ஆட்டமும் ஆடினார்.

திரும்பும்போது ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். ஏரிப் பக்கத்து சிக்னலில் நின்றோம். என் தோளைத் தட்டினார்.

"டேய், அந்த ரெண்டாவது கோலு... எப்பிடி விழுந்துச்சு?"

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, மொபைலில் அந்தப் பெனால்டி கார்னர் வந்த நாற்பது விநாடியை மட்டும் வைத்துக் கொடுத்தேன். டிவி கேமராவின் படம், கூட்டம் இல்லாதது. வெயில் படாமல் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை பார்த்தார். பந்து உள்ளே வருகிறது, நிறுத்துகிறார்கள், தாழ்வாக வலது மூலைக்கு ஒரே அடி. டொக்.

"நல்ல அடி" என்றார். மொபைலைத் திருப்பிக் கொடுத்தார். மிச்ச ஆட்டத்தை அவர் கேட்கவில்லை, நானும் போடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ கல் மாதிரி உட்கார்ந்திருந்தாய். நான் கொடிக்காக அழுதுகொண்டிருந்தேன். பதிமூன்று வருஷமாக இந்த வீட்டில் பேசிய அந்தக் கோலை நம் மூன்று பேரில் ஒருத்தரும் பார்க்கவில்லை. அப்பா நேற்று பார்த்துவிட்டார்.

பிளாக்கை எடு. உனக்கும் அனுப்புகிறேன்.

நாகேஷ்